உள்ளே வர ஒரு கதவு, வெளியே போக ஒரு கதவு

(தானியங்கிச் செய்திகளும் பயனீட்டாளரும் என்ற தலைப்பில் தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பைக் கேட்டதும் இது கோலாலம்பூரில் உள்ள பெரிய நிறுவனங்களின் விவகாரம், நமக்கு என்ன வந்தது என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பவர்களுக்கு முதலில் என் அத்தையின் கதையைச் சொல்லி விடுகிறேன்.

அத்தைக்கு வந்த வாழ்த்து

அத்தை கோல கெட்டிலில் இருக்கிறார். மாமா காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மாமாவின் கைத்தொலைபேசி எண்ணை அத்தை ரத்து செய்யவில்லை. அது அவருக்கு ஒரு ஆறுதல். மாதா மாதம் பணம் போட்டு அந்த எண்ணை உயிரோடு வைத்திருக்கிறார்.

மாமா இறந்த பிறகு வந்த முதல் பிறந்தநாளன்று, அந்தத் தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது. மாமா கண்ணாடி வாங்கிய கடை அனுப்பியது. பிறந்தநாள் வாழ்த்து, மாமாவின் பெயர், "இந்த மாதம் வந்தால் சிறப்புக் கழிவு" என்ற அழைப்பு. அத்தை அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

மறுவாரம் கடைக்கே நேரில் போய்ச் சொன்னார். கடையில் வேலை செய்த பெண் மிகவும் வருந்தி, மாமாவின் பெயரை உடனே பட்டியலிலிருந்து எடுத்து விட்டார். அத்தை நிம்மதியோடு வீடு திரும்பினார். அடுத்த ஆண்டு அதே நாள், அதே நேரம், அதே வாழ்த்து மீண்டும் வந்தது.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே எடுத்து விட்டார். பிறகு எப்படி மாமா மீண்டும் பட்டியலுக்குள் வந்தார்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இன்றைய என் உரை.

555 புத்தகமும் தானியங்கியும்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகத்தை நினைவிருக்கும். மளிகைக் கடையில் கடன் சொல்லி வாங்கினால் கடைக்காரர் அந்தச் சின்னப் புத்தகத்தில் எழுதி வைப்பார். சம்பளம் போட்டதும் கணக்கை முடித்து, குறுக்கே ஒரு கோடு இழுப்பார். ஒரு குடும்பம் வேறு தோட்டத்திற்கு மாறிப் போனால் அவருக்குத் தெரியும். ஒரு வீட்டில் துக்கம் என்றால் அந்த மாதம் பாக்கி கேட்க மாட்டார். யார் வந்தார், யார் போனார், யார் திரும்பி வந்தார் என்ற விவரமெல்லாம் புத்தகத்தில் இல்லாவிட்டாலும் அவர் மனத்தில் இருந்தது.

இன்று அந்த வேலையைக் கணினி செய்கிறது. நீங்கள் ஒரு கடையில் பெயரும் எண்ணும் கொடுக்கிறீர்கள். அந்த நொடியில் உங்களை ஒரு வரிசையில் ஏற்றி விடுகிறார்கள். முதல் நாள் நன்றிச் செய்தி. மூன்றாம் நாள் "பொருள் எப்படி இருக்கிறது?" என்ற விசாரிப்பு. பத்தாம் நாள் இன்னொரு பொருளுக்கான விளம்பரம். முப்பதாம் நாள் கழிவுச் சீட்டு. பிறகு பிறந்தநாள், தீபாவளி, ஆண்டு நிறைவு. ஒவ்வொரு செய்தியையும் ஒருவர் உட்கார்ந்து அனுப்புவதில்லை. ஒரு முறை எழுதி வைத்து விட்டால், ஆயிரம் பேருக்கும் அவரவர் முறைப்படி தானாகவே போய்க் கொண்டிருக்கும். இதைத்தான் விளம்பரத் துறையில் 'வாடிக்கையாளர் பயணம்' என்கிறார்கள்.

பயணம் என்றால் ஏறும் இடம் மட்டும் இருந்தால் போதுமா? இறங்கும் இடம் வேண்டாமா? ஏறும் இடத்தை எல்லாரும் கவனமாக அமைக்கிறார்கள். இறங்கும் இடத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. இறங்கியவர் மீண்டும் ஏறலாமா, ஏறினால் எங்கிருந்து தொடங்குவது என்பதை யோசிப்பவர்கள் அதைவிடக் குறைவு.

மூன்று வகை வெளியேற்றம்

ஒருவர் இந்த வரிசையிலிருந்து வெளியேற மூன்று காரணங்கள் உண்டு. மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

முதல் வகை, வந்த காரியம் முடிந்து விட்டது. தீபாவளிச் சேலைக்கு விளம்பரம் அனுப்பினீர்கள். அந்த அம்மா வந்து வாங்கி விட்டார். அதன் பிறகும் "இன்னும் வாங்கவில்லையா? இரண்டே நாள்தான்!" என்று செய்தி போனால், அவர் சிரிக்கவும் செய்யலாம், எரிச்சலடையவும் செய்யலாம். ஆனால் அடுத்த செய்தியில் கழிவு அதிகம் என்று இருந்தால் நிச்சயம் கோபப்படுவார். காரியம் முடிந்தவரை அந்த வரிசையிலிருந்து உடனே இறக்கி விட வேண்டும். அவர் உங்கள் வாடிக்கையாளராகவே இருப்பார், அந்தப் பயணம் மட்டும் முடிந்தது.

இரண்டாம் வகை, அவரே வேண்டாம் என்று சொல்லி விட்டார். இதற்குக் காரணம் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. அந்த ஒரு வரிசையை மட்டும் அல்ல, விளம்பரம் என்ற பெயரில் போகும் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். அதே வேளையில், அவர் கட்டிய பணத்திற்கான ரசீது, பழுது பார்க்கக் கொடுத்த பொருள் தயாராகி விட்டது என்ற தகவல் போன்றவை விளம்பரம் அல்ல. அவை போகலாம். ஆனால் ரசீதின் அடியில் விளம்பரத்தை ஒட்டி அனுப்புவது ஏமாற்று வேலை.

மூன்றாம் வகைதான் மிகவும் சிரமமானது. வாழ்க்கை மாறி விட்டது. மரணம், நோய், வேலையிழப்பு, பேரிடர். 2022 ஜூலை 4-ஆம் தேதி குனோங் இனாஸ் பக்கமிருந்து இறங்கிய வெள்ளம் கூப்பாங் வட்டாரத்தைப் புரட்டிப் போட்டதை நீங்கள் கண்ணால் கண்டவர்கள். மூவர் உயிரிழந்தார்கள். வீடுகளுக்குள் மரமும் சேறும் புகுந்தன. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் நிற்பவருக்கு, "புதிய மெத்தை எப்படி இருக்கிறது? எங்களுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுங்கள்" என்று ஒரு செய்தி வந்தால் எப்படி இருக்கும்? எண்ணிப் பாருங்கள். கணினிக்கு வெள்ளம் தெரியாது. யாராவது ஒரு மனிதர் அந்த வட்டாரத்திற்குப் போகும் வரிசையை நிறுத்தி வைக்க வேண்டும். நிறுத்தி வைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கடையில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வலி உலகம் முழுவதும் உண்டு. 2018-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் பணியாற்றிய கில்லியன் பிராக்கெல் என்ற பெண்ணுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. அதன் பிறகும் அவருடைய திரையில் குழந்தைப் பொருள் விளம்பரங்கள் நிற்கவில்லை. தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு அவர் ஒரு திறந்த கடிதம் எழுதினார். நான் கருவுற்றிருப்பதைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு உங்களுக்கு அறிவு இருக்கிறது என்றால், என் குழந்தை இறந்ததையும் கண்டுபிடித்திருக்கலாமே என்பதுதான் அவர் கேட்ட கேள்வியின் சாரம். உள்ளே இழுக்க ஆயிரம் கண், வெளியே விட ஒரு கண்கூட இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

கதவை ஒளித்து வைப்பவர்கள்

கவனக்குறைவு ஒரு பக்கம். வேண்டுமென்றே கதவை ஒளித்து வைப்பது இன்னொரு பக்கம்.

என் வயதுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2000-ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் தொலைக்காட்சியில் விளம்பரம் வரும். ஐந்து இலக்க எண்ணுக்கு ஒரு சொல்லை அனுப்பினால் கைத்தொலைபேசிக்கு சினிமாப் பாட்டு மணியோசை கிடைக்கும். பள்ளி மாணவனாக இருந்த நானும் அனுப்பினேன். பாட்டு வந்தது. பிறகு தினமும் ஏதோ ஒரு செய்தி வந்தது. ஒவ்வொன்றுக்கும் காசு. அப்பா போட்டுக் கொடுத்த 10 ரிங்கிட் இரண்டே வாரத்தில் காணாமல் போனது. நிறுத்துவதற்கு என்ன சொல்லை அனுப்ப வேண்டும் என்று தெரியாமல் ஏதேதோ அனுப்பினேன். அந்தத் தவறான செய்திகளுக்கும் காசு போனது. நான் ஒரு பாட்டு கேட்டேன், அவர்கள் என்னை ஒரு சந்தாவில் சேர்த்து விட்டார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

இப்படிப்பட்ட புகார்கள் பெருகிய பிறகு, மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இந்தச் சேவைகளுக்குக் கட்டாய விதிமுறைகளைக் கொண்டு வந்தது. விலையைச் சொல்ல வேண்டும், 'ஸ்டாப்' என்று அனுப்பினால் நிறுத்த வேண்டும் என்று ஆனது. இத்தகைய எண்களிலிருந்து வரும் செய்திகளின் தலைப்பில் 'ரிங்கிட் 0.00' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தச் செய்திக்குக் காசு இல்லை என்று உங்களுக்குச் சொல்லும் அடையாளம் அது.

உலகின் பெரிய கடையும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து தப்பவில்லை. அமேசான் நிறுவனத்தின் 'பிரைம்' சந்தாவில் மக்களை அறியாமல் சேர்த்ததாகவும், விலகும் வழியைச் சிக்கலாக்கியதாகவும் 2023-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குத் தொடர்ந்தது. விலகும் அந்த நடைமுறைக்கு நிறுவனத்திற்குள் 'இலியட்' என்று பெயர் வைத்திருந்தார்களாம். நீண்ட போரைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பெயர் அது. நம்மவர்களாக இருந்தால் 'மகாபாரதம்' என்று வைத்திருப்பார்கள்! தவறை ஒப்புக்கொள்ளாமலே, 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் கொடுக்க அந்நிறுவனம் இணங்கியது. அதில் 150 கோடி, சந்தாதாரர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக.

அழித்தால் மட்டும் போதாது

இப்போது மாமாவின் கதைக்கு வருவோம். கடைப் பெண் பெயரை எடுத்து விட்டார். ஆனால் அவர் எடுத்தது ஒரு பட்டியலிலிருந்துதான். கடையில் இன்னொரு பட்டியல் இருந்தது. கண் பரிசோதனைக்கு வந்தவர்களின் பழைய பதிவேடு அது. சில மாதங்கள் கழித்து யாரோ அந்தப் பதிவேட்டைப் புதிதாகக் கணினியில் ஏற்றினார்கள். கணினியைப் பொறுத்தவரை மாமா புதிய வாடிக்கையாளர். புதியவர் வந்தால் வரிசையில் ஏற்ற வேண்டும் என்பது அதற்குக் கொடுத்த கட்டளை. ஏற்றி விட்டது.

ஒருவரை முற்றாக அழித்து விட்டால், அவர் வேண்டாம் என்று சொன்னதும் சேர்ந்து அழிந்து விடுகிறது. இதுதான் பலருக்கும் புரியாத இடம். ஆகவே, விலகியவர்களுக்குத் தனியாக ஒரு பட்டியல் வைத்துக் கொள்ள வேண்டும். அதில் எண்ணும், விலகிய தேதியும் இருந்தால் போதும். வேறு விவரம் தேவையில்லை. ஒவ்வொரு செய்தியும் புறப்படும் முன் இந்தப் பட்டியலைப் பார்த்து விட்டுத்தான் புறப்பட வேண்டும். வேறு எங்கிருந்து பெயர் வந்தாலும் இந்தப் பட்டியலே கடைசி வார்த்தை.

"ஒவ்வொரு செய்தியும்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பல இடங்களில், வரிசையில் ஏறும்போது மட்டும்தான் சோதனை நடக்கிறது. ஏறிய பிறகு, நடுவில் ஒருவர் வேண்டாம் என்று சொன்னாலும், முன்பே கட்டி வைத்த செய்திகள் ஒவ்வொன்றாகப் போய்க் கொண்டிருக்கின்றன. வீட்டு வாசலில் பெயர் கேட்டு உள்ளே விட்டவர், அறைக்கு அறை கேட்பதில்லை என்பது போல. இங்கே அறைக்கு அறை கேட்டே ஆக வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். எண் வேறு, மனிதர் வேறு. பணம் போடாமல் விட்ட எண் சில காலம் கழித்து வேறு ஒருவருக்குப் போகிறது. அப்படி ஒரு பழைய எண்ணை வாங்கியவர், முன்பு வைத்திருந்தவரின் தவணை நினைவூட்டல்களையும் சேர்த்து வாங்குகிறார். "நான் அவர் இல்லை" என்று சொல்ல ஒரு வழி வேண்டும். வெறும் 'நிறுத்து' என்ற பதில் இதற்குப் போதாது.

திரும்பி வருபவர்

வெளியேறியவர் மீண்டும் வரலாமா? தாராளமாக வரலாம். ஆனால் கதவைத் தட்ட வேண்டியவர் அவர். இழுத்து வரும் உரிமை கடைக்கு இல்லை.

இந்தியாவில் இதற்கு ஒரு தெளிவான விதி வந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் அந்நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தன் விதிகளைத் திருத்தியது. ஒருவர் தம் ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக் கொண்டால், அவரிடம் மீண்டும் ஒப்புதல் கேட்க அந்த நிறுவனம் 90 நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் அவர் தாமாக வர விரும்பினால் எந்த நாளும் வரலாம். காத்திருப்பு கடைக்கு மட்டும்தான், வாடிக்கையாளருக்கு இல்லை. இதைவிட நியாயமான விதியை நான் பார்க்கவில்லை.

திரும்பி வருவதிலும் வகை உண்டு. மோட்டார் சைக்கிள் பட்டறைக்காரர் எண்ணெய் மாற்ற நினைவூட்டுகிறார். ஒவ்வொரு முறை மாற்றிய பிறகும் அந்த வரிசை மறுபடி தொடங்குவதுதான் சரி. பிறந்தநாள் வாழ்த்து ஆண்டுக்கு ஒரு முறை. ஆனால் 'முதல் வருகைக்கான வரவேற்பு' என்பது ஆயுளுக்கு ஒரு முறைதான். பத்தாண்டு வாடிக்கையாளர் எண்ணை மாற்றிக் கொண்டதும் "எங்கள் கடைக்கு முதன்முறை வந்திருக்கிறீர்கள்" என்று செய்தி வந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்?

டியூஷன் மையம் நடத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நான்காம் படிவத்தில் பாதியில் நின்ற மாணவன் ஐந்தாம் படிவத்தில் திரும்பி வருகிறான். அவனை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போன ஆண்டுப் பாட அட்டவணை அவனுக்குப் போகும். தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தால் அறிமுகச் செய்திகள் போகும். இரண்டும் தவறு. ஏன் போனான், எந்த நிலையில் திரும்பினான் என்று ஒருவர் பார்த்துப் புதிய வரிசையில் சேர்க்க வேண்டும். கணினி எல்லாவற்றையும் பார்த்துக் கொள்ளும் என்று விட்டு விட முடியாத இடம் இது.

சட்டம் நம் பக்கம்

பயனீட்டாளர்களுக்கு ஒரு செய்தி. நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 709, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. அதன் 43-வது பிரிவு, நேரடி விளம்பரத்திற்கு என் விவரங்களைப் பயன்படுத்தாதே என்று எழுத்து மூலம் கேட்கும் உரிமையை நமக்குத் தருகிறது. நிறுவனம் கேட்காவிட்டால் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் முறையிடலாம். ஆணையர் உத்தரவிட்டும் பணியாவிட்டால் 200,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

"எழுத்து மூலம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கடையில் வாய்மொழியாகச் சொல்லி விட்டு வருவது நம் பழக்கம். அது போதாது. தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், ஒரு நகலை வைத்துக் கொள்ளுங்கள். 'நிறுத்து' என்று அனுப்பிய செய்தியையும் அழிக்காதீர்கள், திரையைப் படம் பிடித்து வையுங்கள். அதே சமயம், முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வரும் சந்தேகத்திற்குரிய செய்திக்கு 'நிறுத்து' என்றுகூடப் பதில் அனுப்ப வேண்டாம். இந்த எண்ணில் ஆள் இருக்கிறது என்று மோசடிக்காரனுக்கு நாமே சொல்வதாகி விடும். அதை முடக்கி விடுங்கள்.

மின்னஞ்சலில் இப்போது கொஞ்சம் நிம்மதி. பெரும் எண்ணிக்கையில் அனுப்பும் நிறுவனங்கள் தங்கள் விளம்பர மின்னஞ்சல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும், இரண்டு நாளுக்குள் அதை நிறைவேற்ற வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024-இல் கட்டாயமாக்கின.

சிறு வணிகர்களுக்கு ஒரு வேலை

துணிக்கடை, நகைக்கடை, காப்புறுதி, டியூஷன் என்று எதை நடத்தினாலும், இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சொந்த எண்ணை உங்கள் பட்டியலில் சேருங்கள். வரும் செய்திகளைப் படியுங்கள். மூன்றாவது செய்தி வந்ததும் 'நிறுத்து' என்று அனுப்புங்கள். நிற்கிறதா? ஒரு வாரம் கழித்து உங்கள் பெயரை வேறு பட்டியல் வழியாக ஏற்றச் சொல்லுங்கள். மறுபடி செய்தி வருகிறதா? பிறகு நீங்களே விரும்பிச் சேர்ந்து பாருங்கள். சேர முடிகிறதா? இந்த மூன்று கேள்விக்கும் சரியான பதில் வந்தால் உங்கள் கடைக்கு இரண்டு கதவும் இருக்கின்றன.

விலகுவதை எளிதாக்கினால் எல்லாரும் போய் விடுவார்களே என்று ஒரு வணிக நண்பர் என்னிடம் கேட்டார். அவருக்கு இந்த ஊரின் வரலாற்றையே பதிலாகச் சொன்னேன். 1955 டிசம்பர் 28, 29-இல் பாலிங்கில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். காட்டில் இருந்தவர் வெளியே வந்து அந்த மேசையில் உட்கார்ந்தார் என்றால், பேச்சு முறிந்தாலும் பத்திரமாகத் திரும்பலாம் என்ற உறுதி கொடுக்கப்பட்டிருந்தது. பேச்சு முறிந்தது. கொடுத்த உறுதி காக்கப்பட்டது. போக முடியும் என்று தெரிந்தால்தான் ஒருவர் நம்பி வருவார். அவ்வளவு பெரிய விஷயத்திற்குப் பொருந்துவது நம் கடைக்குப் பொருந்தாதா?

கடைசியாக, என் அத்தை. இரண்டாவது வாழ்த்து வந்த பிறகு நான் அந்தக் கடைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பயந்து போய் மாமாவின் எண்ணை மட்டும் அல்ல, அதே முகவரியில் இருந்த அத்தையின் எண்ணையும் சேர்த்து முடக்கி விட்டார்கள். சில மாதங்களுக்கு முன் அத்தைக்குப் பார்வை மங்கியது. பழக்கப்பட்ட அதே கடையில் கண் பரிசோதனைக்குப் பதிவு செய்தார். பரிசோதனைத் தேதி தள்ளிப் போன தகவல் அவருக்கு வரவே இல்லை. பேருந்து ஏறிப் போய்க் காத்திருந்து திரும்பினார்.

இப்போது அந்தக் கடையில் இருவருக்கும் தனித்தனிப் பதிவு. மாமாவின் எண்ணுக்கு எதுவும் போவதில்லை. அத்தைக்குப் பரிசோதனைத் தேதி மட்டும் வருகிறது, விளம்பரம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். போன மாதம் புதுக் கண்ணாடி போட்டுக் கொண்டு, மாமாவின் தொலைபேசியைத் திறந்து பார்த்தாராம். புதிய செய்தி ஒன்றும் இல்லை என்று என்னிடம் சொன்னார்.